ரெஜிஸ்டரில் இல்லாத பிள்ளைகள்

எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பை இரண்டு தடவையில் முடித்தவள் நான். இதுவரை நான் எழுதியதிலேயே நீளமானது லீவு லெட்டர்தான். அதிலும் 'காய்ச்சல் காரணமாக' என்பதைத் தாண்டி என் கற்பனை போனதில்லை. பள்ளிக்கூட லைப்ரரியில் இருந்தவள் ஆயிற்றே, நிறையப் படித்திருப்பாள் என்று யாராவது நினைத்தால் அதற்கும் சேர்த்து மன்னிப்பு. பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறவர் பணக்காரரா என்ன?

எங்கள் பள்ளிக்கூடம் ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில், இரண்டு கம்பெனி மதில்களுக்கு நடுவில் இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே நான் அட்டெண்டர். மணி அடிப்பேன், சுற்றறிக்கை எடுத்துப் போவேன், டீ வாங்கி வருவேன். எட்டு வருஷத்துக்கு முன்னால் லைப்ரரி சார் வேலையை விட்டுவிட்டு ஒரு கம்பெனி ஸ்டோருக்குப் போனார். (நட்டும் போல்ட்டும் எண்ணி அடுக்குகிற வேலை. 'ரெண்டும் ஒண்ணுதாம்மா, அங்க கேன்டீன் இருக்கு' என்று சொல்லிவிட்டுப் போனார்.) சாவியை யாரிடம் கொடுப்பது என்று யோசித்த ஹெச்.எம்., அவரை நாங்கள் பெரிய மிஸ் என்போம், என்னைக் கூப்பிட்டார்.

"வசந்தா, நீதான் வாயே தொறக்க மாட்டியே. லைப்ரரிக்கு அதுதான் வேணும்."

அது உண்மை. பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால் 'இறங்கணும்' என்று சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்தவர் யாராவது இறங்குகிற நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிற ஆள் நான். இப்படியாக, வாய் இல்லாத ஒரே தகுதியில் எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

வேலை என்ன என்று யாரும் சொல்லித் தரவில்லை. நானே ஒரு முடிவுக்கு வந்தேன். அறையில் புத்தகங்கள் இருக்கின்றன, வெளியே பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே பிள்ளைகளிடமிருந்து புத்தகங்களைக் காப்பாற்றுவதுதான் என் வேலை. சாப்பாட்டு இடைவேளையில் முப்பது நாற்பது பேர் வருவார்கள். அலமாரிக்குப் பின்னால் நின்றபடி, தரையில் உட்கார்ந்தபடி எதையாவது புரட்டுவார்கள். பள்ளிக்கூடத்திலேயே அங்கேதான் இரண்டு ஃபேனும் ஓடும். காற்று வாங்க வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்களில் ஒருத்தி கௌசல்யா. பதினொன்றாம் வகுப்பு. வடக்குப்பட்டுப் பெண். நிலத்தை விற்ற காசில் அவள் அப்பா வரிசையாக நாலு ரூம் கட்டி, கம்பெனி வேலைக்கு வந்த தெற்கத்திப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். குடும்பம் முன்பக்கத்து ஒற்றை ரூமில்.

"மிஸ், ஒண்ணே ஒண்ணு வூட்டுக்கு எடுத்துக்கினு போறேன் மிஸ். நாளைக்கே குட்த்துடறேன்."

"வீட்டுக்கெல்லாம் கிடையாது. இங்கயே படி."

"இங்க இருபது நிமிசம்தானே மிஸ்? எங்க வூட்ல படிக்கவே முடியாது மிஸ். மூணு ஷிஃப்ட்டும் எங்க வூட்லதான் நடக்குது. எப்பப் பாத்தாலும் ஒர்த்தரு தூங்குவாரு, ஒர்த்தரு குளிப்பாரு, ஒர்த்தரு போன்ல சண்ட போடுவாரு. புக்கு இருந்தா மொட்ட மாடிக்கு எட்த்துக்கினு பூடுவேன்."

"சத்தம் போடாதே."

சாவி கைக்கு வந்த முதல் ஒரு வருஷத்தில் பிள்ளைகள் என்னிடம் கேட்ட எல்லாக் கேள்விக்கும் என் பதில் இதுதான். நர்சிங்குக்கு எந்த குரூப் எடுக்கணும் மிஸ்? சத்தம் போடாதே. அந்த டாக்டரம்மா எழுதின புக்கு இருக்குதா மிஸ், அதான் மிஸ், அந்த... (வயசுக்கு வந்த பெண்களுக்கான புத்தகம். கேட்டவளும் சிவந்தாள், நானும் சிவந்தேன்.) சத்தம் போடாதே. அவள் கேட்டது எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாகக் கேட்டாள்.

இந்த லட்சணத்தில் ஒரு நாள் பெரிய மிஸ் என்னைக் கூப்பிட்டு, "கம்பெனியிலேர்ந்து வர்றாங்க" என்றார். கார் கதவுக்கு உள்ளே போகிற ஏதோ பிளாஸ்டிக் செய்கிற கம்பெனி. பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு உதவி செய்கிறார்கள். "லைப்ரரி நல்லா நடந்தா, புது ஷெல்ஃபும் ஆயிரம் புக்கும் தருவாங்களாம். இல்லேன்னா அந்த ரூமை எடுத்துக்கிட்டு, பசங்களுக்கு மெஷின் டிரெய்னிங் நடத்துவாங்களாம். ரெண்டுல ஒண்ணு. உன் கையிலதான் இருக்கு."

ரூம் போனால் லைப்ரரி போச்சு. பிள்ளைகளுக்கு அந்த இருபது நிமிஷமும் போச்சு. எனக்குத் திரும்பவும் டீ ஃபிளாஸ்க். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் லைன் லீடர்.

"இன்னாமே, ஆடிட்டா? இதுக்குப் போயி சோறு துண்ணாம உக்காந்துகினு கீற?" என்றார். "ஃபைவ் எஸ் அடி. ஆபீசருங்கோ அப்டியே ஆஃப் ஆயிடுவானுங்கோ."

ஃபைவ் எஸ் என்பது கம்பெனிக்காரர்களின் வேதம். வேண்டாததைத் தூக்கிப் போடு, மிச்சத்தை இடம் குறித்து அடுக்கு, துடை, அப்படியே வைத்திரு, அதையே பழக்கமாக்கு. எங்கள் வீட்டில் அது ஏற்கெனவே அமலில் இருந்தது. சமையலறைச் சுவரில் ஒவ்வொரு கரண்டிக்கும் மார்க்கரால் உருவம் வரைந்து வைத்திருந்தார். எந்தக் கரண்டி காணோம் என்று பார்த்ததும் தெரியுமாம். (தெரியும். ஆனால் சுவரில் இருக்கிற உருவத்தை எடுத்துச் சாம்பாரைக் கிளற முடியாதே.) ஒரு வருஷமாகத் தொடாத பொருளுக்குச் சிவப்புச் சீட்டு, அவர் பாஷையில் ரெட் டேக். என் தையல் மெஷின் அப்படித்தான் போனது. உட்கார்ந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் எனக்கே பயமாக இருக்கும்.

"ரெஜிஸ்டரப் பாரு. ஒரு வருசமா எவனும் எடுக்காத புக்குக்கெல்லாம் ரெட் டேக் போடு, வெளிய கடாசு. அப்பறம், ஆடிட்டர் கேட்டா கேட்டதுக்கு மட்டும் பதில். ரெக்கார்டுல இன்னா கீதோ அத்த மட்டும் சொல்லு. ஒரு வார்த்த எக்ஸ்ட்ரா வுட்டின்னு வெச்சிக்கோ, அத்தப் புட்ச்சிக்கினு கேள்வி மேல கேள்வி கேப்பான்."

ஊமைக்குப் பேசாதே என்று உபதேசம். என் வாழ்நாளில் நான் கேட்ட அறிவுரைகளிலேயே கடைப்பிடிக்கச் சுலபமானது அதுதான்.

மறு வாரம் ரெஜிஸ்டரைப் பிரித்தேன். ஒரு வருஷத்தில் ஒன்பது பதிவு. ஒன்பதும் டீச்சர்கள். கோலப் புத்தகம், சட்னி வகைகள், வாஸ்து, சர்க்கரை நோயாளிகளுக்கான உணவு (அது பெரிய மிஸ்). சட்டப்படி இவை பிழைத்தன. பிளாஸ்டிக் உறை பிரிக்காத இங்கிலீஷ் கலைக்களஞ்சியம் ஒரு செட் இருந்தது. அதையும் யாரும் தொட்டதில்லைதான். ஆனால் என் வீட்டுக்காரர், "அத்தத் தொடாத, பாக்கறதுக்கு கெத்தா கீது" என்று விலக்கு அளித்தார்.

மற்ற முந்நூற்றுப் பன்னிரண்டு புத்தகத்துக்கும் சிவப்புச் சீட்டு ஒட்டினேன். கதைப் புத்தகம், விஞ்ஞானம், எந்தப் படிப்புக்கு எந்த வேலை என்று சொல்கிற புத்தகம், டாக்டரம்மா புத்தகம், எல்லாம். பாதிப் புத்தகத்துக்கு அட்டை கிழிந்து, ஓரமெல்லாம் கறுத்திருந்தது. ஒன்றில் அடையாளத்துக்குக் கறிவேப்பிலை வைத்திருந்தது. ஒரு வருஷமாக யாருமே தொடாத புத்தகத்துக்கு அட்டை எப்படிக் கிழியும், தயிர்சாதத்துக் கறிவேப்பிலை எப்படி நடந்து வந்து உள்ளே படுக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ரெஜிஸ்டரில் தொடவில்லை, ஆகவே தொடவில்லை.

வெளியே தூக்கிப்போக விளையாட்டு பீரியடில் இருந்த பெண்களைக் கூப்பிட்டேன். கௌசல்யா ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு நகராமல் நின்றாள்.

"இத்தயா மிஸ் கடாசுறீங்க?"

"ரெட் டேக்."

"நல்லா இருக்கும் மிஸ் இது. கடசீல அந்தப் பொண்ணு..."

"சத்தம் போடாதே."

சைக்கிள் ஸ்டாண்டின் மூலையில், தகரக் கூரைக்குக் கீழே குவித்தார்கள். பழைய பேப்பர்காரர் வந்து எடுத்துப் போகிறவரை அங்கே கிடக்கட்டும் என்று ஏற்பாடு.

அதற்குப் பிறகு அறை எப்படி ஆயிற்று என்கிறீர்கள்! தரையில் மஞ்சள் டேப் ஒட்டி நடைபாதை. மேஜைக்கு மேஜை மூன்றடி. ஸ்டேப்ளருக்கு உருவம், கத்தரிக்கோலுக்கு உருவம், எனக்கு மட்டும்தான் உருவம் இல்லை. கம்பெனி வாசலில் 'விபத்து இல்லாத நாட்கள்' என்று போர்டு இருக்கும் அல்லவா, அதே மாதிரி என் வீட்டுக்காரர் ஒன்று செய்து கொடுத்தார்: 'புத்தகம் தொலையாத நாட்கள்'. தினமும் காலையில் நான் ஒன்று கூட்டி எழுதுவேன். தரை கண்ணாடி மாதிரி பளபளத்தது. பிள்ளைகள் கால் பட்டால் கெட்டுவிடும் என்று இரண்டு வாரம் பூட்டியே வைத்தேன்.

அந்த நாள் வந்தது. பிளான்ட் மேனேஜர் இரும்பு வைத்த ஷூவோடு வந்தார். கூட ஒருவர் கேமராவோடு. 'மாதிரி மாணவி'யாக கௌசல்யாவைப் பெரிய மிஸ் நிறுத்தியிருந்தார். அவள் வேலை, ஒரு புத்தகத்தை எடுத்து, அதே இடத்தில் திரும்ப வைத்துக் காட்டுவது. சட்னிப் புத்தகத்தை எடுத்தாள், வைத்தாள். மேனேஜர் கை தட்டினார்.

"அடடா! யார் ஐடியா இது?"

"நான்தான் சார், சொல்லிச் சொல்லி..." என்றார் பெரிய மிஸ். (பத்து நிமிஷத்தில் அந்தப் பெருமையை அப்படியே என்னிடம் திருப்பித் தரப்போகிறார் என்று அப்போது தெரியாது.)

"எங்க லைன்லகூட இவ்ளோ நீட்டா இல்ல. மூணடி கேப், கரெக்ட். பவர் பாயின்ட் இருக்கா?"

"இருக்கு சார்" என்றேன். பிளக் சொருகப் புத்தகத்துக்கு எதற்குப் பவர் பாயின்ட் என்று கேட்கிற புத்தி இருந்திருந்தால் நான் ஏன் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விடுகிறேன்?

அவர் ரெஜிஸ்டரைப் புரட்டினார்.

"இந்த மாசம் எத்தன புக் வெளிய போச்சு?"

"ஒண்ணும் போகல சார்."

"போன மாசம்?"

"ஒண்ணும் போகல சார்."

"தொலைஞ்சது?"

"ஒண்ணும் தொலையல சார்."

"இப்ப பசங்க வர்றாங்களா?"

"ரெண்டு வாரமா ஒருத்தரும் வரல சார்."

ஒவ்வொரு பதிலையும் பரிசு வாங்குகிறவள் மாதிரி சொன்னேன். பெரிய மிஸ் முகம் ஏன் வெளுக்கிறது என்று புரியவில்லை. ஆயிரம் புத்தகமும் நடந்து வந்துகொண்டிருப்பதாக எனக்கு நினைப்பு.

"சார்," என்றாள் கௌசல்யா, "நாங்க வருவோம் சார். டெய்லி வருவோம்."

"கௌசல்யா!" என்றார் பெரிய மிஸ்.

மேனேஜர் சிரித்தார். "அப்படியா? என்ன புக்கு படிச்ச?"

அவள் அலமாரியைப் பார்த்தாள். சட்னி, கோலம், வாஸ்து, பிளாஸ்டிக் உறைக்குள் கலைக்களஞ்சியம்.

"நான் படிச்சதுலாம் இங்க இல்ல சார். சைக்கிள் ஸ்டாண்டுல கீது."

கேமராக்காரர் குபுக்கென்று சிரித்துவிட்டார். மேனேஜர் என் பக்கம் திரும்பினார். சிரிப்பு இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்:

"நீங்க சொல்லுங்க மேடம். பசங்க டெய்லி வந்து படிப்பாங்களா?"

எனக்குத் தெரியும். அலமாரிக்குப் பின்னால் ஒற்றைக் காலில் நின்று படிக்கிறவளைத் தெரியும். மணி அடித்த பிறகும் கடைசிப் பக்கத்தை முடிக்க ஓடிக்கொண்டே படிக்கிறவளைத் தெரியும். கௌசல்யா என்னையே பார்த்தாள். 'ஆமா சார், நாப்பது பேரு' என்றால் போதும். அதைவிடச் சின்ன வாக்கியத்தை யாரும் யாரிடமும் கேட்டிருக்க முடியாது. காதில் என் வீட்டுக்காரர் குரல். வாயைத் திறந்தேன்.

"ரெஜிஸ்டர்ல இல்ல சார்."

மேனேஜர் ரெஜிஸ்டரை மூடினார். "சரி மேடம்," என்று பெரிய மிஸ்ஸிடம் சொன்னார், "யூஸ் ஆகாத ரூம்ல புக்கு போட்டு என்ன புண்ணியம்? டிரெய்னிங்குக்கு ரூம் ரெடியாவே இருக்கு. ஒரு ஆணி அடிக்க வேணாம். நாளைக்கே மெஷினை இறக்கிடலாம்."

அதாவது லைப்ரரியைக் காப்பாற்ற நான் போட்ட ஒவ்வொரு மஞ்சள் கோடும் ஃபேக்டரிக்கு அளவெடுத்துப் போட்ட கோடு. வெளியார் யாராவது சதி செய்திருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக முடித்திருக்க மாட்டார்கள். என்னைப் பாராட்டி ஒரு ஸ்டீல் தண்ணீர் பாட்டில் கொடுத்து, அதோடு போட்டோ எடுத்தார்கள்.

"எல்லாம் நீ பண்ணதுதான்" என்றார் பெரிய மிஸ். "நாளையிலேர்ந்து பழையபடி பெல்லைப் பாரு. காலைல பதினோரு மணிக்குப் பழைய பேப்பர்காரர் வருவார். அந்தக் குப்பையையும் எடுத்துக் குடுத்துடு."

அழ இடம் தேடி சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் ஆள் இல்லாத இடம் அதுதான் என்று நினைப்பு. அங்கே ஆள் இருந்தது. பதினைந்து இருபது பேர், சைக்கிள் கேரியரிலும் தரையிலுமாக உட்கார்ந்து சிவப்புச் சீட்டு ஒட்டிய புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். கௌசல்யா நடுவில், கையில் ஒரு நோட்டு.

"இன்னா மிஸ், இத்தயும் தொடைக்க வந்தீங்களா?"

நோட்டுக்குக் கை நீட்டினேன். கொஞ்சம் யோசித்துத்தான் கொடுத்தாள். தேதி, பெயர், புத்தகம், திருப்பித் தந்த நாள். வீட்டுக்கு எடுத்துப் போகலாம், இரண்டு நாள், குழம்பு கொட்டினால் ஒரு வாரத்துக்குப் பெயர் நீக்கம். கடைசிக் கட்டத்தில் 'எப்படி இருந்தது?' என்று ஒரு பத்தி. 'பாதி புரிஞ்சது.' 'எங்க அக்காவுக்கும் குடுத்தேன்.' 'அழுதேன், ஆனா யார்கிட்டயும் சொல்லாத.' இரண்டு வாரத்தில் தொண்ணூறு பதிவுக்கு மேல். நான் ஒரு வருஷத்தில் ஒன்பது.

"நானும் ஒண்ணு எடுத்துக்கலாமா?" என்றேன். ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"பேரு சொல்லுங்க."

"என் பேரு தெரியாதா உனக்கு?"

"ரெஜிஸ்டர்ல இல்லியே மிஸ்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

நாளைக்குப் பழைய பேப்பர்காரர் வருவதைச் சொன்னேன். எல்லாரும் புத்தகத்தை மூடினார்கள்.

"நீங்க போயி பெரிய மிஸ்கிட்ட சொல்லுங்க மிஸ், வேணாம்னு."

"நானா?"

"இவுக எங்கன சொல்லுவாக?" என்றாள் இசக்கியம்மாள். அவள் அப்பா சங்கரன்கோவிலிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர். இவள் ஒன்பதாம் வகுப்பு, வாய் பன்னிரண்டாம் வகுப்பு.

ரோஷம் வந்து போனேன். நிஜமாகவே போனேன். பெரிய மிஸ் அறை வாசலில் நின்றேன். "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல மிஸ்" என்றேன். திரும்பி வந்தேன். வீரம் என்றால் என்ன என்று அகராதியில் பார்க்கலாம் என்றால் அதற்கும் சிவப்புச் சீட்டு ஒட்டியாயிற்று.

என் முகத்தைப் பார்த்ததும் கௌசல்யாவுக்குப் புரிந்துவிட்டது.

"சரி வுடுங்க. எழுதவாச்சும் வருமா?"

"வரும்."

"அப்ப உக்காருங்க. நீங்க எழுதுங்க, நான் குடுக்கறேன். இன்னிக்கு ரெண்டு நாள் கணக்குலாம் கெடையாது, எல்லாம் வூட்டுக்கு."

ஒரு கவிழ்த்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்தேன். கடைசி பீரியடும் பள்ளிக்கூடம் விட்ட பிறகு கம்பெனி பஸ்கள் போகிற நேரமும் எழுதினேன். ஒருத்திக்கு ஐந்து, ஒருத்திக்கு எட்டு. செய்தி பரவி, பையன்களும் பையைக் காலி செய்துகொண்டு வந்தார்கள். "எக்கா, இதுல முன்னாடி பத்துப் பக்கத்தைக் காணோம்லா" என்றாள் இசக்கியம்மாள். "மீதியப் படிச்சிட்டு நீயே எழுதிக்கோ" என்றாள் கௌசல்யா. டாக்டரம்மா புத்தகத்தை ஒரு பெண் துப்பட்டாவுக்குள் சுற்றி வாங்கிப் போனாள். எழுதும்போது நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளும் பெயரை மட்டும் சொன்னாள். கௌசல்யா தனக்கு இருபது வைத்துக்கொண்டாள், வாடகைக்கு இருக்கிறவர்களுக்கும் சேர்த்து. மிச்சம் இருபத்திரண்டு. அது என் தலையில்.

வீட்டில் என் வீட்டுக்காரர் கட்டைப் பார்த்ததும் அலறினார். "ரெட் டேக் பொருள வூட்டுக்குள்ள இட்டாந்துகினு கீற? எங்க கம்பெனியா இருந்தா மெமோ குடுத்துருப்பான்! எந்த லொகேசன்ல வெப்ப இத்த?" கரண்டிச் சுவருக்குக் கீழே வைத்தேன். மார்க்கரை எடுத்து வந்து அதைச் சுற்றியும் கோடு போட்டார்.

அந்த ரூமில் டிரெய்னிங் இரண்டு மாதம் நடந்தது. பிறகு சொல்லித் தந்தவருக்கு மாற்றல். இப்போது அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கின்றன, மூன்றடி இடைவெளியில். நான் மணி அடிக்கிறேன். இடைவேளையில் சைக்கிள் ஸ்டாண்டில் புத்தகம் கொடுக்கிறேன். அந்தப் பதவிக்குப் பெயர் கிடையாது. நர்சிங்குக்கு எந்த குரூப் என்று யாராவது கேட்டால் இப்போது சொல்கிறேன். தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கூட்டிப் போகிறேன், வாசல்வரை. கௌசல்யா மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறாள். அவளிடம் ஏழு வருஷமாக மூன்று புத்தகம் நிற்கிறது. கேட்டால், "அந்த நோட்டே என்கிட்டதான் மிஸ் கீது, எத்த வெச்சிக் கேக்கறீங்க?" என்கிறாள்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் முறுக்கு டப்பா காலியானால், "யாருடி துன்னது?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். என் மகள் வாய் நிறைய முறுக்கோடு, "ரெஜிஸ்டர்ல இல்ல சார்" என்பாள். சொந்தக்காரர் கல்யாணங்களில்கூட இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன், ஒரு நொடி தாமதமாக.

புத்தகங்களை வீடுகளுக்கு அனுப்பிய மறுநாள் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலை பதினோரு மணிக்குப் பழைய பேப்பர்காரர் தராசோடு வந்தார். நான் அவரைச் சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனேன். எடை போட அங்கே எதுவும் இல்லை. அவர் ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.